நிறத்தை விடுவதா, திரையை விடுவதா?

விலை ஏற ஏற வசதியும் ஏறும் என்பது கடைத்தெரு வழக்கம். உயர்ரக கேமராக்கள் விற்கும் கடையின் ஒரு மூலையில் மட்டும் இந்த வழக்கம் தலைகீழாகிவிடுகிறது. அங்கே கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும் ஒரு டிஜிட்டல் கேமராவில் வண்ணப் படம் எடுக்கவே முடியாது. வானவில்லை எடுத்தாலும் சாம்பல் பட்டைகள்தான் கிடைக்கும். பக்கத்திலேயே இன்னொரு கேமரா. அதில் வண்ணம் உண்டு. ஆனால் எடுத்த படத்தைப் பார்க்கப் பின்பக்கத்தில் திரை இல்லை. இரண்டும் ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் இயங்கும் லைக்கா நிறுவனத்தின் தயாரிப்புகள். வண்ணமும் திரையும் சேர்ந்து இருக்கும் அதே குடும்பத்துச் சாதாரண மாடலைவிட இரண்டுமே விலை அதிகம்.

2022 ஜனவரியில் வந்த லைக்கா எம்11 கேமராவின் அறிமுக விலை 8,995 டாலர். அதிலிருந்து நிறத்தை எடுத்துவிட்டு 2023 ஏப்ரலில் வெளியிட்ட எம்11 மோனோகுரோமின் விலை 9,195 டாலர். திரையை எடுத்துவிட்டு 2024 செப்டம்பரில் வெளியிட்ட எம்11-டி கேமராவுக்கு 9,395 டாலர். ரூபாயில் ஏழரை லட்சத்தைத் தாண்டும். லென்ஸ் தனி. வரிகளும் தனி.

பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்கிவிடலாம். பாதி உண்மையும் அதுதான். ஆனால் மீதிப் பாதியில் ஒரு நிஜமான கேள்வி இருக்கிறது. படம் எடுப்பவருக்கு எது உதவி, எது இடைஞ்சல்? நிறம் இல்லாவிட்டால் படம் என்ன ஆகும்? உடனே பார்க்க முடியாவிட்டால் எடுப்பவர் என்ன ஆவார்? ஏழரை லட்சம் கைவசம் இல்லாதவரும், கைப்பேசியில் பேரன் பேத்திகளைப் படம் எடுப்பவரும்கூடக் கேட்டுப் பார்க்கவேண்டிய கேள்விகள் இவை.

வேடிக்கை என்னவென்றால், உலகின் முதல் டிஜிட்டல் கேமராவில் இந்த இரண்டுமே இல்லை. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் கோடக் நிறுவனத்தில் பணிபுரிந்த ஸ்டீவன் சாஸன் என்ற இளம் பொறியாளர் 1975இல் அதை உருவாக்கினார். எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல். குறுக்கே 100, நெடுக்கே 100 என்று மொத்தம் 10,000 புள்ளிகளால் ஆன கறுப்பு வெள்ளைப் படம். அதை ஒலிநாடா கேஸட்டில் பதிவு செய்ய 23 விநாடிகள் ஆயின. படத்தைப் பார்க்கவேண்டுமென்றால் கேஸட்டைக் கழற்றித் தனிக் கருவியில் போட்டு, தொலைக்காட்சிப் பெட்டியில்தான் பார்க்கவேண்டும். இன்று அதிகப் பணம் கொடுத்துத் துறக்கிற இரண்டு வசதிகளும் அன்று வேறு வழியில்லாததால் இல்லை.

நிறம் வந்த வழியும் அதே கோடக்கில்தான் தொடங்கியது. கேமராவின் சென்ஸாருக்கு நிறம் தெரியாது. அதன்மேல் விழும் ஒளி அதிகமா குறைவா என்பதை மட்டுமே அது அளக்கும். கோடக் விஞ்ஞானி பிரைஸ் பேயர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து 1976இல் காப்புரிமை பெற்றார். சென்ஸாரின் ஒவ்வொரு புள்ளியின் மீதும் கடுகிலும் சிறிய ஒரு வண்ண ஃபில்டர்: பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, கால்வாசிக்குச் சிவப்பு, மீதிக் கால்வாசிக்கு நீலம். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறத்தை மட்டும் அளக்கும். மற்ற இரண்டு நிறங்களையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணினி ஊகித்து நிரப்பும். இன்று பெரும்பாலான டிஜிட்டல் கேமராக்களும் கைப்பேசிகளும் இந்த ஏற்பாட்டிலோ இதன் வாரிசுகளிலோதான் ஓடுகின்றன.

திரை வந்தது பிறகு. சாதாரண வாடிக்கையாளருக்கான டிஜிட்டல் கேமராவின் முதுகில் படம் பார்க்கும் திரையை வைத்து ஜப்பானின் கேஸியோ நிறுவனம் க்யூவி-10 என்ற மாடலை 1995இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. திரையின் அளவு 1.8 அங்குலம். படத்தின் தரம் சுமார்தான். ஆனாலும் எடுத்த கணமே பார்க்கலாம் என்ற அந்த ஒரு வசதிக்குப் பின்னால் உலகமே போனது.

பேயரின் ஃபில்டர் இலவசமாக வரவில்லை. சிவப்பு ஃபில்டர் சிவப்பு ஒளியை மட்டும் உள்ளே விட்டு மற்றதைத் தடுத்துவிடும். பச்சையும் நீலமும் அப்படியே. சென்ஸாரை எட்டவேண்டிய ஒளியில் பெரும் பங்கு வாசலிலேயே நின்றுவிடுகிறது. போதாக்குறைக்கு, ஒவ்வொரு புள்ளியிலும் மூன்றில் இரண்டு பங்கு தகவல் ஊகம். கறுப்பு வெள்ளைப் படம்தான் வேண்டும் என்பவருக்கு இந்தச் செலவு முழுவதும் வீண். ஃபில்டரே இல்லாத சென்ஸாரைப் பொருத்தினால் வரும் ஒளி அத்தனையும் உள்ளே போகும். ஒவ்வொரு புள்ளியும் தான் அளந்ததை ஊகமில்லாமல் சொல்லும்.

2012 மே மாதம் லைக்கா செய்தது இதைத்தான். 2009இல் வந்த எம்9 கேமராவின் 18 மெகாபிக்ஸல் சென்ஸாரை வண்ண ஃபில்டர் இல்லாமல் பொருத்தி எம் மோனோகுரோம் என்று பெயர் வைத்தது. எம்9இன் அடிப்படை ஐ.எஸ்.ஓ., அதாவது ஒளியுணர்வு எண், 160. மோனோகுரோமில் 320. சரியாக இரண்டு மடங்கு. பதினொரு ஆண்டுகள் கழித்து வந்த எம்11இலும் கிட்டத்தட்ட இதே கணக்கு: வண்ண மாடலில் 64, மோனோகுரோமில் 125. அந்தி நேரத்துத் தெருவில், ஒற்றை பல்பு எரியும் டீக்கடையில், கர்ப்பகிருக விளக்கு மட்டும் எரியும் கோயில் மண்டபத்தில் இந்த இரண்டு மடங்கு பெரிய வித்தியாசம். படத்தில் தெரியும் இரைச்சலும் சிவப்பு, பச்சைப் பொட்டுகளாக இல்லாமல் ஃபிலிமின் மணல்போல இருக்கும்.

இது லைக்காவின் கண்டுபிடிப்பு என்று சொல்லிவிட முடியாது. 1990களிலேயே கோடக் தன் தொழில்முறை டிஜிட்டல் கேமராக்கள் சிலவற்றில் கறுப்பு வெள்ளை மாடல்களை விற்றது. பென்டாக்ஸ் நிறுவனம் 2023 ஏப்ரலில் கே-3 மார்க் 3 மோனோகுரோமை ஏறத்தாழ 2,200 டாலருக்குக் கொண்டுவந்தது. லைக்காவோடு ஒப்பிட்டால் கால் பங்கு விலை.

ஆக, நிறத்தை விடுவதற்குக் கைமேல் பலன் உண்டு. படத்தில் அது தெரியும். ஆனால் கொடுக்கும் விலையும் படத்தில்தான் தெரியும்.

கறுப்பு வெள்ளை கேமராவை வாங்கியவருக்கு முதல் நாளே ஒரு விஷயம் புரியும். சிவப்புப் புடவையும் பின்னாலிருக்கும் பச்சை வாழையிலையும் கண்ணுக்கு வெவ்வேறு. கேமராவுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறமாகிவிடக்கூடும். வண்ணத்தில் எடுத்த படமாக இருந்தால் பிறகு கணினியில் சிவப்பை வெளுக்கவைத்துப் பச்சையைக் கறுக்கவைத்து இரண்டையும் பிரித்துவிடலாம். மோனோகுரோமில் அது நடக்காது. நிறத் தகவல் ஒருபோதும் பதிவாகவே இல்லை. எனவே ஃபிலிம் காலத்தில் போலவே லென்ஸின் முன்னால் கண்ணாடி ஃபில்டரை மாட்டி, எடுக்கும்போதே முடிவு செய்யவேண்டும். மஞ்சள் ஃபில்டர் வானத்தை லேசாகக் கறுக்கவைத்து மேகத்தை எடுத்துக்காட்டும். ஆரஞ்சு இன்னும் அதிகம். சிவப்பு ஃபில்டரில் நடுப்பகல் வானமும் புயல் வானம் ஆகும்.

அதே சிவப்பு ஃபில்டரோடு ஒரு பெண்ணின் முகத்தை எடுத்தால் நெற்றிக் குங்குமம் வெளிறிப்போய்த் தோலோடு கலந்து காணாமல் போய்விடும். ஃபில்டரைக் கழற்றிவிட்டு எடுத்தால் குங்குமம் இருக்கும். சிவப்பாக இல்லை, கருஞ்சாம்பலாக. விதவை, சுமங்கலி என்று நெற்றியைப் பார்த்துப் பிரித்துவைத்த ஒரு சமூகத்தில் ஒரு கண்ணாடித் துண்டு செய்யும் இந்த வேலை சின்ன விஷயமல்ல.

தொழில்நுட்பத்தில் இன்னொரு கண்ணியும் உண்டு. வண்ணக் கேமராவில் வெளிச்சம் மிகுந்துபோய் பச்சைப் புள்ளிகள் நிரம்பி வழிந்தாலும் சிவப்பிலோ நீலத்திலோ கொஞ்சம் தகவல் மிச்சமிருக்கும். அதை வைத்து மென்பொருள் ஒப்பேற்றிவிடும். மோனோகுரோமில் எல்லாப் புள்ளிகளும் ஒரே ஜாதி. நிரம்பினால் சேர்ந்தே நிரம்பும். வெள்ளை வேட்டியின் மடிப்பு வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டால் பிறகு எந்த வித்தையாலும் மடிப்பு திரும்பாது. அதனால்தான் அனுபவசாலிகள் மோனோகுரோமில் வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்தே எடுக்கிறார்கள். எடுத்ததும் வெளிச்ச வரைபடத்தைத் திரையில் ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்கள். முதல் எம் மோனோகுரோமிலேயே இதற்கென்று ஒரு தனி வரைபடத்தை லைக்கா கொடுத்தது. அதாவது, நிறத்தை விட்டவருக்குத் திரை கூடுதலாகத் தேவைப்படுகிறது.

இந்தியாவுக்குக் கறுப்பு வெள்ளை பொருத்தமா என்ற விவாதம் இந்த கேமராக்களுக்கு வெகுகாலம் முந்தியது. நெடுங்காலம் விவாதத்துக்கே இடமில்லை. வண்ண ஃபிலிம் விலை அதிகம், கழுவும் இடங்கள் குறைவு. 1960இல் உதகமண்டலத்தில் அரசு தொடங்கிய ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் விற்ற கறுப்பு வெள்ளைச் சுருள்தான் எத்தனையோ ஊர் ஸ்டூடியோக்களின் அன்றாட அரிசி. வண்ணம் கைக்கு எட்டிய பிறகுதான் அது தேர்வாக மாறியது. லைக்காவும் வண்ண ஃபிலிமுமாக நாட்டைச் சுற்றிய ரகுபீர் சிங் (1942-1999), நிறத்தைத் தவிர்த்துவிட்டு இந்தியாவைப் பார்க்க முடியாது என்ற கட்சி. நிறம் இந்திய வாழ்க்கையின் மேல் பூசிய பூச்சு இல்லை, அதன் உள்ளேயே ஓடுவது என்று கடைசிவரை வாதாடினார். அவரது தலைமுறையைச் சேர்ந்த ரகு ராயின் பெயரைச் சொன்னாலோ பலருக்கு நினைவுக்கு வருபவை கறுப்பு வெள்ளைப் படங்கள்.

இந்த வாதத்தின் இரண்டு பக்கங்களும் ஒரே குழிக்கரையில் நின்ற நாள் ஒன்று உண்டு. 1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவை ஒட்டிப் போபாலில் யூனியன் கார்பைட் பூச்சிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து விஷவாயு கசிந்தது. அடுத்த சில நாட்களில் அங்கே புதைக்கப்பட்ட ஒரு குழந்தையை ரகு ராயும் படம் எடுத்தார், பாப்லோ பார்த்தலோமியூவும் எடுத்தார். மண்ணுக்கு மேல் குழந்தையின் முகம் மட்டும். கண்கள் திறந்திருக்கின்றன. கடைசியாக ஒரு கை அந்த முகத்தைத் தொடுகிறது. ரகு ராயின் படம் கறுப்பு வெள்ளை. பார்த்தலோமியூவின் படம் வண்ணம். 1984ஆம் ஆண்டின் சிறந்த செய்திப் படமாக உலகப் பத்திரிகைப் புகைப்பட அமைப்பு அதைத் தேர்ந்தெடுத்தது. யாருடைய குழந்தை என்பது இன்றுவரை உலகத்துக்குத் தெரியாது.

இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்கள் எது மேல் என்று சொல்லத் தயங்குவார்கள். கறுப்பு வெள்ளையில் முகம் கல்லில் செதுக்கியதுபோல நிற்கிறது. எந்த ஊர், எந்த ஆண்டு என்பதெல்லாம் பின்வாங்கிவிடுகின்றன. எல்லாக் காலத்துக்குமான துக்கம் அது. வண்ணத்தில் துக்கத்துக்கு முகவரி இருக்கிறது. அது மண்ணின் நிறம், அது தோலின் நிறம், இது நேற்று நடந்தது என்கிறது படம். வழக்காடப் போகிறவருக்கு இரண்டாவது உதவும். மறக்காமலிருக்க நினைப்பவர் முதலாவதைத் தேடலாம். இரண்டு பேரும் எடுத்ததால் இரண்டும் இருக்கின்றன. ஒருவர் மட்டும் அங்கே போயிருந்தால், அவரது கேமராவில் எந்தச் சுருள் இருந்ததோ அதுதான் வரலாறு.

இரண்டு பேரிடமும் இருந்தது ஃபிலிம் என்பதையும் மறந்துவிடக்கூடாது. அந்தக் குழிக்கரையில் குனிந்து படம் சரியாக வந்ததா என்று பார்க்க இருவருக்கும் வழியில்லை.

அந்த வழியில்லாமையைத்தான் திரையில்லாத கேமரா விலைக்கு விற்கிறது. எம் வரிசையின் முதல் கேமராவான எம்3 1954இல் வந்தது. அதன் அறுபதாம் ஆண்டையொட்டி 2014இல் லைக்கா 600 கேமராக்களை மட்டும் திரையில்லாமல் செய்தது. சேகரிப்பாளர்களுக்கான விளையாட்டு என்று எல்லோரும் நினைத்தார்கள். 2016 ஏப்ரலில் எம்-டி என்ற மாடல் எல்லோருக்குமான விற்பனைக்கே வந்துவிட்டது. திரை இருக்கவேண்டிய இடத்தில் ஐ.எஸ்.ஓ.வைத் திருப்பும் ஒரு வட்டக் குமிழ் மட்டும். சில மாதங்களுக்கு முன் வந்த அதே ரகத் திரையுள்ள மாடல் 5,195 டாலர். இது 5,995 டாலர். இல்லாத திரைக்கு 800 டாலரா என்ற கேலி உலகமெங்கும் எழுந்தது. லைக்கா அசரவில்லை. 2018இல் எம்10-டி, 2024இல் எம்11-டி என்று வரிசை தொடர்ந்தது.

படத்தின் தரத்தில் இவற்றுக்கும் திரையுள்ள மாடல்களுக்கும் வித்தியாசம் கிடையாது. சென்ஸார் ஒன்றுதான். மாற்றம் எல்லாம் படம் எடுப்பவரிடம். ஒவ்வொரு க்ளிக்குக்கும் பிறகு தலையைக் குனிந்து திரையைப் பார்க்கும் பழக்கத்துக்கு மேற்கத்திய பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் ‘சிம்பிங்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஊ, ஊ என்று வியக்கும் சிம்பன்ஸியின் நினைவு. குனியும் அந்த இரண்டு விநாடியில் எதிரே நடப்பது நடந்து முடிந்துவிடும். மணமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டுவிடுவாள். பேட்ஸ்மேன் திரும்பி நடந்துவிடுவார்.

பார்ப்பதைவிட ஆபத்தானது அழிப்பது. திரைக்குப் பக்கத்திலேயே குப்பைத்தொட்டிப் படத்தோடு ஒரு பொத்தான் இருக்கிறது. எடுத்த கணத்தில், வெயிலில், அவசரத்தில், பெருவிரல் அளவுத் திரையில் பார்த்துத் தீர்ப்பு சொல்லி அழித்துவிட முடிகிறது. 1948 ஜனவரி 30 அன்று மாலை தில்லி பிர்லா மாளிகைக்கு வெளியே கூடிய கூட்டத்திடம், காந்தி இறந்துவிட்டார் என்று நேரு அறிவித்த காட்சியை ஹென்றி கார்டியே-ப்ரெஸோன் லைக்காவில் எடுத்தார். வெளிச்சம் போதாமல் உருவங்கள் கலங்கியிருக்கின்றன. ஒரு விளக்கு கண்ணைக் கூசவைக்கிறது. பாடப்புத்தக இலக்கணப்படி அது தோற்றுப்போன படம். அந்தக் கலங்கலில்தான் அந்த மாலையின் நிலைகுலைவு முழுவதும் இருக்கிறது. அவர் கையில் திரையுள்ள கேமரா இருந்திருந்தால் அதை அழித்திருப்பார் என்று சொல்ல முடியாது. ஆனால் அவரளவு தெளிவில்லாத எத்தனை பேர் தினந்தோறும் எத்தனை படங்களை அப்படி அழிக்கிறார்களோ? திரையில்லாத கேமராவில் அந்தப் பொத்தானே இல்லை. படம் வீடு வந்து சேரும்வரை தீர்ப்பு ஒத்திவைக்கப்படுகிறது.

ஆனாலும் திரையில்லாமை தரும் துறவறத்தில் சில ஓட்டைகள் உண்டு. எம்11-டியின் உள்ளேயே 256 ஜிகாபைட் நினைவகம் இருக்கிறது. ஃபிலிமில் 36 படங்கள்தான் என்ற கட்டுப்பாடு எடுப்பவரின் கையை நிறுத்தியது. இதில் நிறுத்த எதுவும் இல்லை. எம்10-டி முதற்கொண்டு கேமராவைக் கைப்பேசியோடு இணைத்துப் படத்தைப் பார்க்கவும் முடிகிறது. முன்வாசலில் வெளியேற்றிய திரை பின்வாசல் வழியாகச் சட்டைப் பைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இந்தியத் தெருக்களில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. கேமராவோடு ஒரு கிராமத்தில் நுழைபவரைச் சுற்றி ஐந்து நிமிடத்தில் குழந்தைகள் கூடிவிடும். ஒரு படம் எடுத்தால் போதும், காட்டு காட்டு என்று கையை இழுக்கும். குனிந்து திரையைக் காட்டினால் ஒரே சிரிப்பு. வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டியும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார். முகத்தைக் கொடுத்தவர்களுக்குப் படம் எடுப்பவர் அங்கேயே தரக்கூடிய ஒரே பிரதி உபகாரம் அதுதான். எனக்கு இந்தப் படம் வேண்டாம், அழித்துவிடு என்று சொல்லும் உரிமையையும் அவர்களுக்குக் கொடுப்பது அந்தத் திரைதான். திரையில்லாத கேமராக்காரர் வெறுங்கையோடு நிற்கவேண்டும். அவரது மனக்கட்டுப்பாட்டுக்கான விலையை எதிரே இருப்பவர்களும் சேர்ந்து கொடுக்கிறார்கள்.

அப்படியானால் எதை வாங்குவது? வாங்கும் முன் செய்யக்கூடிய, காசு செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. கையிலிருக்கும் சாதாரண கேமராவின் திரைமீது ஒரு மாதம் கறுப்பு டேப்பை ஒட்டிவைக்கலாம். மடக்கும் திரை என்றால் உள்பக்கமாக மடக்கிவிடலாம். மாதக் கடைசியில் படங்கள் மேம்பட்டிருந்தால் நல்லது. டேப் விலை சில ரூபாய். ஒட்டிய டேப்பை விரல் தானாக உரித்துவிடுகிறது என்றால்தான் திரையே இல்லாத கேமராவைப் பற்றி யோசிக்கவேண்டும். அந்தத் திடமின்மைக்கான மருந்துதான் அந்த 9,395 டாலர். அடிப்படையில் அதே துறவை, கோடை முகாம்களுக்குப் போகும் சிறுவர்களுக்காக அமெரிக்காவில் நூறு டாலருக்கும் குறைவாக விற்கும் திரையில்லாத பிளாஸ்டிக் கேமராவும் கற்றுக்கொடுத்துவிடும்.

கறுப்பு வெள்ளைக்கான சோதனை பாதிதான் சாத்தியம். கேமராவைக் கறுப்பு வெள்ளை முறைக்கு மாற்றி, மூலக் கோப்பையும் சேர்த்துப் பதிவு செய்தால் திரையில் தெரிவது கறுப்பு வெள்ளையாகவும், மூலத்தில் நிறம் பத்திரமாகவும் இருக்கும். கண்ணைப் பழக்க இது போதும். ஆனால் இரண்டு மடங்கு ஒளியும் ஊகமில்லாத துல்லியமும் இந்த முறையில் கிடைக்காது. ஃபில்டரை டேப்போல ஒட்டவும் உரிக்கவும் முடியாது. காசு கொடுத்தால் மட்டுமே கிடைக்கும் பண்டம் என்று பார்த்தால் இரண்டில் உண்மையானது மோனோகுரோம்தான். பத்துப் படங்களில் ஒன்பதை ஏற்கெனவே கறுப்பு வெள்ளையாக மாற்றுகிறவர், இருட்டில் அதிகம் திரிகிறவர் அதை வாங்கினால் ஏமாறமாட்டார்.

ஆனால் வாங்கும் முன் ஒன்றை நினைத்துக்கொள்ளவேண்டும். திரையைத் துறப்பதால் வரும் சிரமம் பெரும்பாலும் எடுப்பவரோடு முடிந்துவிடும். அவர் தவறவிட்டால் அவருக்கே நஷ்டம். எடுத்த படம் என்னவோ முழுசாகவே இருக்கும். நிறத்தைத் துறப்பது அப்படியில்லை. அந்த முடிவு, அந்தப் படத்தை இனிமேல் பார்க்கப்போகும் எல்லோருக்காகவும் எடுக்கிற முடிவு. அவர்களை யாரும் கேட்பதில்லை.

அந்தக் காலத்துக் கல்யாணப் படங்கள் இன்னும் பல வீடுகளின் சுவரில் இருக்கின்றன. தாத்தா நாற்காலியில், பாட்டி பக்கத்தில் நின்றபடி. பாட்டியின் புடவை சாம்பல் நிறம், கரை இன்னும் கொஞ்சம் அடர்ந்த சாம்பல். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இந்திய ஸ்டூடியோக்களில் ஓவியர்களை வைத்து இத்தகைய படங்கள்மீது கையால் வண்ணம் தீட்டினார்கள். பல நேரம் அந்த நிறம் ஓவியரின் ஊகம். பேத்தி ஒருநாள் சுவரைப் பார்த்து, கல்யாணப் புடவை என்ன நிறம் என்று கேட்கிறாள். பாட்டி இருக்கும்வரை பதில் கிடைக்கும். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

தெருவின் நிழலும் முகத்தின் சுருக்கமும் தேடுகிறவர் நிறத்தைத் தாராளமாக விட்டுவிடலாம். வீட்டில் கல்யாணம் என்றால் மட்டும், அந்த ஒரு நாளைக்காவது, பக்கத்து வீட்டுக்காரரின் சாதாரண கேமராவை இரவல் வாங்கிக்கொள்வது நல்லது.